கௌதாரி ஹலால்தான், உங்கள் தட்டில் இருப்பது?

(தாம்பரத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட மார்க்க விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வந்திருக்கிற கேள்விச் சீட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். கௌதாரிக் கறி சாப்பிடலாமா, கூடாதா? காடை கூடுமா? சிலர் மயிலையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். ஒரு சீட்டில், "கௌதாரியின் காலில் முள் போல நகம் இருக்கிறது. எனவே அது ஹராம் என்று எங்கள் தெருவில் ஒருவர் சொல்கிறார். சரியா?" என்று எழுதியிருக்கிறது.

இது சாப்பாட்டு விஷயம், இதற்கு ஒரு கூட்டம் தேவையா என்று சிலர் நினைக்கலாம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் தொடங்கி வண்டலூர், கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் எத்தனை பிரியாணிக் கடைகள், எத்தனை கறிக்கடைகள்! அவற்றில் நம்மவர்கள் நடத்துபவை எத்தனை! கடை வாசலில் 'ஹலால்' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பிற ஊரிலிருந்து வருகிற முஸ்லிம் பயணி குடும்பத்தோடு உள்ளே வருகிறான். அவனுக்கு நாம் போடுவது என்ன என்பது மறுமையில் விசாரிக்கப்படுகிற விஷயம். இந்தப் பலகைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நகத்தைப் பற்றி.

பறவைகளில் எது கூடாது என்பதற்கு நபி (ஸல்) அவர்கள் ஓர் அளவுகோலைக் கொடுத்திருக்கிறார்கள். கோரைப் பற்களால் வேட்டையாடும் விலங்குகளையும், நகங்களால் வேட்டையாடும் பறவைகளையும் உண்ணத் தடை செய்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிம் நூலில் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, நகம் உள்ள பறவை எல்லாம் ஹராம் என்பது இதன் பொருள் அல்ல. நகமே இல்லாத பறவை உலகத்தில் எங்கே இருக்கிறது? கோழிக்கு நகம் இல்லையா? புறாவுக்கு இல்லையா? நபி (ஸல்) அவர்கள் கோழிக்கறி சாப்பிட்டதைத் தாம் கண்டதாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியில் இருக்கிறது. சேவலின் காலில் எவ்வளவு பெரிய முள் இருக்கிறது! ஒன்றோடொன்று சண்டை போடத்தான் சேவலுக்கு அந்த முள்.

தடை செய்யப்பட்டவை, நகத்தையே ஆயுதமாகக் கொண்டு இன்னோர் உயிரைப் பற்றிப் பிடித்துக் கிழித்துத் தின்னும் பறவைகள். பருந்து, வல்லூறு, ராஜாளி, ஆந்தை ஆகியவை இந்த வகை. இதில் மாலிக்கி மத்ஹபில் வேறு கருத்து உண்டு. ஹதீஸ் தெளிவாக இருக்கும்போது அதைப் பேசி நேரத்தைக் கடத்த வேண்டியதில்லை.

கௌதாரி என்ன செய்கிறது? முள்காட்டிலும் புதரிலும் தரையோடு தரையாக ஓடுகிற பறவை. பறப்பதைவிட ஓடுவதுதான் அதிகம். தானியமும் விதையும் கரையானும் பூச்சியும் பொறுக்கித் தின்கிறது. கோழி, மயில், காடை எல்லாம் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பம்தான் இதுவும். ஆண் கௌதாரிக்குக் காலில் முள் உண்டு. அது சேவலின் முள் போன்றது, வல்லூறின் நகம் அல்ல. ஆகவே கௌதாரி என்ற பறவை ஹலால். இதில் ஹனஃபி, ஷாஃபி வேறுபாடும் இல்லை.

காடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பனூ இஸ்ராயீல் சமுதாயத்திற்கு அல்லாஹ் மன்னையும் ஸல்வாவையும் இறக்கியதாகக் குர்ஆன் மூன்று இடங்களில் (2:57, 7:160, 20:80) கூறுகிறது. ஸல்வா என்பது காடை, அல்லது காடையைப் போன்ற பறவை என்றே பெரும்பாலான விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். அல்லாஹ் ஓர் அருட்கொடையாகச் சொல்லிக் காட்டுகிற உணவு அது.

மயிலில் மட்டும் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபி மத்ஹபில் கூடாது என்பதே ஏற்கப்பட்ட கருத்து. ஹனஃபியில் கூடும். ஆனால் மயில் 1963 முதல் இந்த நாட்டின் தேசியப் பறவை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. எனவே மயில் கறியைப் பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள்.

செத்த விதம்

கௌதாரி ஹலால் என்று சொன்னதும் சில இளைஞர்கள் முகத்தில் சிரிப்பு தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

ஆடு ஹலாலா? ஹலால். செத்த ஆடு? ஹராம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பறவை என்று வரும்போது, அதிலும் காட்டுப் பறவை என்று வரும்போது, இந்தச் சாதாரண உண்மை நமக்கு மறந்துவிடுகிறது. 'வேட்டைப் பிராணிதானே, அறுக்காவிட்டாலும் பரவாயில்லை' என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. இது பாதி உண்மை. பாதி உண்மைதான் மிகவும் ஆபத்து.

திருக்குர்ஆன் 5:3 வசனத்தை எடுத்துப் படியுங்கள். தானாகச் செத்தது, கழுத்து நெரிபட்டுச் செத்தது, அடிபட்டுச் செத்தது, மேலிருந்து விழுந்து செத்தது, கொம்பால் முட்டப்பட்டுச் செத்தது, வனவிலங்கு தின்று போட்டது ஆகிய எல்லாவற்றையும் அல்லாஹ் தடை செய்கிறான். உயிர் போகும் முன்பு நீங்கள் முறையாக அறுத்தவற்றுக்கு மட்டும் விலக்களிக்கிறான். அடுத்த வசனத்திலேயே, பயிற்சி கொடுத்த வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணலாம் என்று அனுமதிக்கிறான். வேட்டைக்கு அனுமதி உண்டு. அந்த அனுமதிக்கு நிபந்தனைகளும் உண்டு.

அந்த நிபந்தனைகளை நமக்குத் தெளிவாக்கியவர் அதீ பின் ஹாத்திம் (ரலி). கொடைக்குப் பெயர்போன ஹாத்திம் தாயின் மகன். வேட்டையில் ஈடுபாடு உடையவர். அவர் நபி (ஸல்) அவர்களிடம் போய்ச் சுற்றிவளைக்காமல் கேட்டார். அம்புக் கம்பை எறிந்து பிராணியைக் கொல்கிறோம், அதை உண்ணலாமா? அதன் கூர்முனை பட்டுக் கிழித்துச் செத்தால் உண்ணுங்கள், பக்கவாட்டில் பட்டுச் செத்தால் அது அடிபட்டுச் செத்தது, உண்ணாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அதே அதீ (ரலி) அவர்களின் வேறோர் அறிவிப்பில், எய்யப்பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ணாதீர்கள் என்றும் வருகிறது. அம்பு கொன்றதா, தண்ணீர் கொன்றதா என்பது உங்களுக்குத் தெரியாது என்பதே காரணம். இவை புகாரி, முஸ்லிம் நூல்களில் வருபவை.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டலூர்ப் பக்கமும், படப்பைப் பக்கமும், ஏரிக்கரைகளிலும் உண்டிவில்லோடு சுற்றுகிற பிள்ளைகள் யார்? உண்டிவில்லில் இருந்து போகிற கல் கிழிக்கிறதா, அடிக்கிறதா? அடிக்கிறது. அந்தக் கல் பட்டே பறவை செத்துவிட்டால் அது 5:3 சொல்கிற அடிபட்டுச் செத்ததுதான். பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டுத்தான் கல்லை விட்டேன் என்று சொன்னாலும் அது ஹலால் ஆகாது. விரலிடுக்கில் கல்லை வைத்துச் சுண்டி எறிவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று அப்துல்லாஹ் பின் முகஃப்பல் (ரலி) அறிவிக்கிறார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, எதிரியையும் வீழ்த்தாது, யாருடைய கண்ணையாவது பறிக்கும், பல்லை உடைக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். தம் உறவினர் ஒருவர் இதைக் கேட்ட பிறகும் கல் சுண்டியதால் அவரோடு பேசவே மாட்டேன் என்றார் அந்த நபித்தோழர். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

ஏர்கன் குண்டு? துப்பாக்கிக் குண்டு? இதில் அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது. அக்காலத்தில் களிமண் உருண்டையால் அடித்துக் கொல்லப்பட்டதை அடிபட்டுச் செத்தது என்றே இப்னு உமர் (ரலி) கூறினார்கள். துப்பாக்கி வந்த பிறகு, குண்டு துளைத்துக்கொண்டு போகிறதே, அது கூர்முனை போன்றதுதான் என்று யமன் நாட்டு அறிஞர் ஷவ்கானீ போன்றோர் அனுமதித்தார்கள். குண்டுக்குக் கூர் இல்லை, அது வேகத்தால் நொறுக்குகிறது என்று ஹனஃபி அறிஞர்களில் பெரும்பாலோர் கூடாது என்றார்கள். இந்த விவாதத்தில் நீங்கள் யார் பக்கம் நின்றாலும், கையில் வரும்போது பறவைக்கு உயிர் இருந்து, அதை அறுத்துவிட்டால் யாருக்கும் மறுப்பு இல்லை. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் ஆட்டு மந்தையில் ஓர் ஆடு சாகக் கிடந்தது. மேய்த்துக்கொண்டிருந்த அடிமைப் பெண் ஒரு கல்லை உடைத்து, அதன் கூரான விளிம்பால் அந்த ஆட்டை அறுத்தார். அதை உண்ண நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். புகாரியில் இருக்கிறது. அடித்துக் கொன்றால் தடுக்கப்படுகிற அதே கல், அறுத்தபோது அனுமதிக்கப்படுகிறது! மார்க்கம் எதைப் பார்க்கிறது என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

சாலையோரத்தில் விற்பது

இனி வாங்குகிறவர்கள் பக்கம் வருவோம். உரித்து மஞ்சள் தடவிய பறவைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு சாலையோரத்திலும் கடைவாசலிலும் வந்து விற்பார்கள். 'கௌதாரி சார், காடை சார்' என்பார்கள். சில நேரம் கொக்கும் நாரையும்கூடக் கௌதாரி என்ற பெயரில் போகும். தோல் உரித்த பிறகு யாருக்குத் தெரியும்?

அந்தப் பறவை எப்படிப் பிடிக்கப்பட்டது? கௌதாரியைப் பிடிக்கிற முறை பலருக்குத் தெரிந்திருக்கும். வளர்த்த கௌதாரி ஒன்றைக் கூண்டில் வைத்துக் கூவ விடுவார்கள். வேறொரு கௌதாரி தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று காட்டுக் கௌதாரி சண்டைக்கு ஓடி வரும். சுற்றிலும் வைத்த கண்ணியில் மாட்டும். கண்ணி கழுத்தை இறுக்கினால் அது நெரிபட்டுச் செத்தது. உயிரோடு மாட்டினால் பிடித்தவர் அங்கேயே கழுத்தைத் திருகுவார். இரண்டும் ஹராம். பிடித்தவர் முஸ்லிம் அல்ல, அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி அறுத்தவர் அல்ல. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு இந்தச் சட்டம் கிடையாது. வாங்கித் தின்கிற நமக்கு இருக்கிறது.

இங்கே ஒரு ஹதீஸைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மக்கள் சிலர் எங்களிடம் இறைச்சி கொண்டுவருகிறார்கள், அல்லாஹ்வின் பெயரைக் கூறினார்களா இல்லையா என்று தெரியவில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. நீங்கள் அல்லாஹ்வின் பெயரைக் கூறி உண்ணுங்கள் என்றார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது, புகாரியில் உள்ளது. ஆனால் கொண்டுவந்தவர்கள் யார்? இஸ்லாத்தைப் புதிதாக ஏற்றவர்கள் என்று அதே ஹதீஸில் இருக்கிறது. அறுத்தவர் முஸ்லிம் என்பதில் சந்தேகம் இல்லை, பெயர் கூறினாரா என்பதில்தான் சந்தேகம். கழுத்தைத் திருகிய பறவைக்கு மேல் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட அந்த ஹதீஸில் எங்கே அனுமதி இருக்கிறது?

'உயிரோடு வாங்கி நானே அறுக்கிறேன்' என்று ஒரு வியாபாரி சகோதரர் சொல்லலாம். மார்க்கப்படி அந்த அறுப்பு செல்லும். கறி ஹலால். ஆனால் அப்போது அடுத்த பிரச்சினை வந்து நிற்கிறது.

சட்டம் தடுப்பதும் நம் மார்க்கமும்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கௌதாரியையும் காட்டுக் காடையையும் பாதுகாக்கப்பட்டவையாக அட்டவணையில் வைத்திருக்கிறது. ஆரம்பத்தில் உரிமம் வாங்கிச் சிறு பறவைகளை வேட்டையாட வழி இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதுவும் மூடப்பட்டது. 2022இல் மீண்டும் திருத்தினார்கள். சாதாரணக் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை என்று உயர்ந்தது. வேட்டையாடியவர் மட்டும் குற்றவாளி அல்ல. வாங்கியவர், விற்றவர், கடையில் வைத்திருந்தவர் எல்லாரும் மாட்டுவார்கள்.

உடனே ஒரு கேள்வி எழும். அல்லாஹ் ஹலாலாக்கியதை அரசாங்கம் ஹராமாக்க முடியுமா? முடியாது. ஹலால், ஹராம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அல்லாஹ்வுக்கே. நம் நாவுகளே பொய்யாக இது ஹலால், இது ஹராம் என்று கூறுவதை 16:116 வசனம் கண்டிக்கிறது. ஆகவே கௌதாரி ஹராம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஹலாலான பிராணியை வேட்டையாடக் கூடாது என்ற தடை நமக்குப் புதிதா? ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இஹ்ராம் கட்டியவர் தரையில் வேட்டையாடக் கூடாது, வேட்டையாடினால் பரிகாரம் கொடுக்க வேண்டும் என்று 5:95 சொல்கிறது. அதற்கு முந்தைய வசனத்தைப் பாருங்கள். கைக்கும் ஈட்டிக்கும் எட்டுகிற தூரத்தில் வேட்டைப் பிராணியை வரவிட்டு அல்லாஹ் சோதிப்பான் என்கிறது. பிராணி ஹலால், பக்கத்தில் வருகிறது, பிடிக்கலாம், பிடிக்கக் கூடாது! மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டுவதுகூடக் கூடாது. மதீனாவில் மான்கள் மேயக் கண்டால் நான் அவற்றை மிரட்ட மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) சொன்னார்கள். அந்த நகரின் இரு கரும்பாறை நிலங்களுக்கு இடைப்பட்ட பகுதியை நபி (ஸல்) அவர்கள் புனித எல்லையாக ஆக்கியிருந்தார்கள். அவை அல்லாஹ்வும் அவன் தூதரும் விதித்த தடைகள். நாடாளுமன்றச் சட்டத்தை அவற்றோடு சமமாக வைக்கவில்லை. ஒரு பிராணி உண்ண ஹலால் என்பதும், அதை இந்த இடத்தில் இந்த நேரத்தில் பிடிக்கலாம் என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

முஸ்லிம் நாடுகளிலும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. அரபு நாட்டு இளவரசர்கள் வல்லூறுகளோடு பாகிஸ்தானுக்குப் போய் ஹுபாரா என்ற பறவையை வேட்டையாடுவது வழக்கம். அந்தப் பறவை ஹலால் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இனமே அழிகிறது என்று வழக்கு வந்து, 2015 ஆகஸ்டில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் அந்த வேட்டையைத் தடை செய்தது. 2016 ஜனவரியில் வேறு அமர்வு அந்தத் தடையை நீக்கியது. பணமும் உறவும் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

நம் வட்டாரத்துக்கே வாருங்கள். நன்மங்கலம் காப்புக்காடு எவ்வளவு சிறியது! சுற்றிலும் வீட்டுமனைகள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பையும் கட்டடமுமாகச் சுருங்கி, மிஞ்சியதை 2022இல்தான் ராம்சர் தலமாக அறிவித்தார்கள். இருந்த முள்காடெல்லாம் குடியிருப்பாகிவிட்ட ஊரில் கௌதாரிக்கு ஒதுங்க இடம் ஏது? செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலில் கிராம மக்கள் பலநூறு ஆண்டுகளாகப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கிய மக்கள் அவர்கள். தங்கள் வயலுக்கு அந்த ஏரித் தண்ணீரில் கலக்கும் எச்சம் உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மார்க்கத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துச் சுற்றியது. இதன் குஞ்சுகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியவர் யார், திருப்பிக் கொடுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அபூதாவூதில் இருக்கிறது. உயிருள்ள ஒன்றைக் கட்டிவைத்துக் குறி பழகுவதையும் அவர்கள் தடுத்தார்கள். சுட்டுப் படம் எடுத்துப் போனில் போட்டுப் பெருமையடிக்கிற பிள்ளைகளின் காதில் இது விழட்டும்.

பலகையின் இன்னொரு பக்கம்

முதலில் சொல்லி நிறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். 2022 மார்ச்சில் கர்நாடகத்தில் யுகாதி நேரத்தில் ஹலால் கறியைப் புறக்கணிக்கச் சொல்லி ஒரு பிரச்சாரம் நடந்தது. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்றிதழ் பெற்ற பொருள்களின் விற்பனைக்கே தடை போட்டது. ஹலால் என்ற சொல்லையே குற்றமாகக் காட்டத் துடிக்கிற காலம் இது. இந்த நேரத்தில் ஹலால் பலகை தொங்குகிற ஒரு கடையின் குளிர்பெட்டியில் வனத்துறையினர் பத்துக் கௌதாரியை எடுத்தால் செய்தி எப்படி வரும்? கடைக்காரரின் பெயரோடா, சமுதாயத்தின் பெயரோடா? நமக்கு அநியாயம் நடக்கும்போது தட்டிக் கேட்க நாம் வீதிக்கு வருகிறோம், வரவும் வேண்டும். வருமானத்துக்காக ஒருவர் செய்த சட்டமீறலுக்கும் சமுதாயம் வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று 5:1 சொல்கிறது. உரிமம் வாங்கும்போது சட்டத்துக்கு உட்பட்டு நடத்துவேன் என்று கையெழுத்துப் போட்டுத்தானே கடை திறந்தோம்?

இன்னொன்றும் யோசியுங்கள். இந்தப் பறவைகளைக் கொண்டுவருகிறவர்களில் பலர் நரிக்குறவர் சமூகத்தினர். பல ஆண்டு போராடி, 2023 ஜனவரியில்தான் பழங்குடியினர் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறார்கள். சோதனை நடந்தால் முதலில் பிடிபடுவது அவர்கள்தான். ஒரு தட்டுக் கௌதாரி வறுவலில் அவர்களுக்குப் போவது சொற்பம், கல்லாவில் விழுவது பெரும் பங்கு. சிறைக்குப் போவது அவர்கள். வாங்குகிறவன் இல்லையென்றால் அவர் கண்ணி வைக்கப் போவாரா? அவர்களுக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்யுங்கள் என்று அரசிடம் கேட்பதில் நாமும் சேர்ந்து குரல் கொடுப்போம். அவர்களைக் குற்றத்துக்குள் தள்ளுகிற கை நம்முடையதாக இருக்க வேண்டாம்.

சில கடைகளில் 'காட்டுக் காடை', 'காட்டுக் கௌதாரி' என்று எழுதிப் போட்டுப் பண்ணைக் காடையை இரட்டை விலைக்கு விற்கிறார்களாம். எழுதியிருப்பது உண்மையென்றால் சட்டப்படி குற்றம். பொய்யென்றால் மோசடி. உணவுக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்து, ஏமாற்றுகிறவர் என்னைச் சார்ந்தவர் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் எச்சரித்தது நம்மைப் போன்ற ஒரு வியாபாரியைத்தான்.

காடை தின்னும் ஆசை இருந்தால் பண்ணைக் காடை இருக்கிறது. அது ஜப்பானியக் காடை. நந்தனம் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் அதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி 'நந்தனம் காடை' என்று பெயரிட்டார்கள். ஐந்தாறு வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடும். 2011இல் மத்திய அரசு இதையும் வன உயிரினச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பார்த்துப் பண்ணைக்காரர்கள் திண்டாடினார்கள். பிறகு அது தளர்த்தப்பட்டது. கௌதாரிக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை.

ஆனால் பண்ணைக் காடையிலும் ஒரு கோளாறு நடக்கிறது. அளவில் சின்னது, கூட்டமான நேரம், இருபது முப்பது கேட்கிறார்கள் என்று கையாலேயே கழுத்தைத் திருகிப் போட்டு உரிக்கிற வேலையாட்கள் உண்டு. சட்டப்படி சுத்தமான பறவை, மார்க்கப்படி செத்தது! இரத்தத்தை ஓடச் செய்து அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதை உண்ணுங்கள் என்றும், பல்லும் நகமும் அறுக்கும் கருவி அல்ல என்றும் ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் சொல்கிறது. நகத்தால் கிள்ளி எடுப்பதும் இதில் அடங்கும். கத்தி வேண்டும். மூச்சுக் குழாயும் உணவுக் குழாயும் அறுபட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அல்லாஹ்வின் பெயர் கூற வேண்டும். துடிப்பு அடங்கும் முன் வெந்நீரில் போடக் கூடாது. பெரிய கத்தியால் அறுக்கும்போது காடையின் தலை துண்டாகி விழுந்துவிடுகிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டுமென்று செய்ய வேண்டாம், ஆனால் துண்டாகிவிட்டால் கறி ஹராம் ஆகிவிடாது. இப்னு உமர், இப்னு அப்பாஸ், அனஸ் (ரலி) ஆகியோர் அதில் தவறில்லை என்று கூறியதைப் புகாரி பதிவு செய்திருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு இதே இடத்தில் காடையும் கோழியும் அறுத்துக் காட்டுகிறோம். கறிக்கடை, ஓட்டல் வைத்திருக்கிற சகோதரர்கள், நீங்கள் மட்டும் வந்தால் போதாது. உங்கள் கடையில் யார் அறுக்கிறாரோ அவரையும், அவர் பயன்படுத்துகிற கத்தியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.